தகரத்தைத் தட்டினால் நிற்க வேண்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை வேனில் இருந்தவர்கள்: லண்டனிலிருந்து வந்திருந்த ரவி அண்ணை, அவருடைய மனைவி சுகந்தி, அவர்களுடைய மகன் ஆதி, யாழ்ப்பாணத்திலிருந்து அவர்களோடு சேர்ந்துகொண்ட ரவி அண்ணையின் தமக்கை தவமணி அக்கா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான். இருந்திருக்க வேண்டியவர், ஆனால் இல்லாதவர்: வேனின் சொந்தக்காரரான நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு அன்று அக்குறணையில் சொந்தத்தில் ஒரு கலியாணம். அவர் கூட வந்திருந்தால் இது நடந்திருக்காது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. நானா போனில் இருந்தார். நடந்ததில் பாதி அவர் போனில் சொன்னதைக் கேட்டு நடந்தது.

வேன் ஓட்டிக்கொண்டே ஊர் காட்டும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயதில்லை. முப்பதுகூட ஆகவில்லை. தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எழுதச் சொன்னதும் மறுக்க மனம் வரவில்லை.

எந்த நேரத்தில் புத்தரின் பல் இருக்கும் மாளிகையில் கூட்டம் குறையும், எந்தக் கடையில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். யாரைச் சந்தேகப்படுவது என்பதுதான் பிடிபடாது. சந்தேகம் இல்லாமல் இந்தத் தொழில் செய்ய முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது மலைரோட்டில் பிரேக் மாதிரி. ஆனால் பிரேக்கைத் தவறான இடத்தில் மிதித்தாலும் வண்டி கவிழும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நானா எனக்குச் சொன்னது இது. “சத்தம் போடுற ஆள் என்ன செய்வான்னு முன்னாலயே தெரியும் வாப்பா. பணிவாப் பேசுற ஆள் என்ன செய்வான்னு அவன் செஞ்ச பொறகுதான் தெரியும்.” ஒருமுறை தேநீர் கொடுத்தாலும் கைகூப்பும் பயணி ஒருவர் நாலு நாள் அவரோடு சுற்றினாராம். ஒரு குறை சொல்லவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வேனின் இருக்கை முதல் நானாவின் வெற்றிலை வரைக்கும் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். “அந்த மூணு பக்கத்தையும் மனசுல வச்சிக்கிட்டுத்தான் எனக்குக் கைகூப்பி ஈக்கான் பாரு!” என்பார் நானா.

அந்த லண்டன் குடும்பத்தை நான் பொறுப்பேற்ற முதல் நாளே மூன்று பேரும் எனக்குப் புரிந்துவிட்டார்கள். ரவி அண்ணை எதைப் பார்த்தாலும் அது முன்பு எப்படி இருந்தது என்று எனக்குப் பாடம் எடுப்பார். சுகந்தி மிக்சர் பாக்கெட்டைக் காலி செய்ததும் கண்ணாடியை இறக்கி அதை வெளியே வீசுவார். ஆதிக்கு இருபது வயதிருக்கும். கையில் போன் இல்லாமல் அவனை நான் பார்த்ததில்லை. மாளிகையில் புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று தன்னைப் படம் எடுக்கப் போனான். காவலாளி விசில் ஊதினார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். வெளியே வந்ததும், “உவையளுக்கு எல்லாத்துக்கும் ஒரு சட்டம்” என்றார் ரவி அண்ணை. இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்வது உண்மையில் லேசு. எங்கே கெடுப்பார்கள் என்று தெரியும், ஆகவே அங்கே முந்திக்கொண்டு நிற்கலாம்.

தவமணி அக்காதான் பிடிபடவில்லை. ஐம்பதைத் தொட்ட, ஒல்லியான பெண். கடைசி இருக்கையில் கதவோரம் உட்கார்ந்துகொள்வார். நான் சொல்லாமலே செருப்பைக் கழற்றுவார். பூக்கடையில் வழிவிடச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கடப்பார். சுகந்தி வீசிய பாக்கெட் ஒன்று வேன் நின்ற இடத்திலேயே விழுந்தபோது, இறங்கி எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு படம்கூட எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கடையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

“தம்பி, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?”

“நான் பொறகு சாப்புடுவேங்க.”

“ஏன் பிறகு? இஞ்ச ஒரு கதிரை கிடக்குத்தானே. இருங்கோவன்.”

“அக்கா, டிரைவர்மாருக்கு அங்கால தனியா இடமிருக்கு” என்றார் ரவி அண்ணை.

“இருக்கட்டும். இஞ்சயும் இடமிருக்கு.”

நான் உட்காரவில்லை. பயணி ஒருவர் நீ சாப்பிட்டாயா என்று கேட்டால் அதற்குப் பின்னால் ஒன்று வரும் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதோடு, ஒளிக்காமல் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தார் எங்களைத் தோட்டத்து ஆட்கள் என்று சொல்லும்போது குரல் எப்படிக் கொஞ்சம் இறங்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். குரல் இறங்காத ஒருவரைப் பார்த்ததும் எனக்கு அதுவே ஒரு வித்தை மாதிரி இருந்தது.

பிறகு கேள்விகள் தொடங்கின. உங்கட தோட்டம் எது? லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எத்தனை குடும்பம்? கழிப்பறை வீட்டுக்கு வீடு உண்டோ? குளிக்கத் தண்ணி எங்கே? அன்று மாலை நானாவுக்குப் போன் போட்டேன்.

“ஏதும் அறிக்கை எழுதுற பொம்புளையா ஈக்கும்” என்றார் நானா. “இல்லாட்டி வீடியோக்காரங்க யாருக்கும் ஆள் பிடிச்சிக் குடுக்குறாளோ தெரியா. வாயக் கட்டிக்கோ. கேட்டா, தெரியான்னு சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போவதாகத் திட்டம். பாதி வழியில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. ரவி அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது, ஏதோ மலையை நான்தான் தள்ளிவிட்டேன் என்பதுபோல. சிக்னல் கிடைக்கும் இடம்வரை திரும்பி வந்து நானாவைக் கூப்பிட்டேன். பின்னால் கலியாண வீட்டுச் சத்தம்.

“உன்ட தோட்டம் அங்கிட்டுத்தானே ஈக்குது? கொழுந்து மலையக் காட்டி, ஒரு டீயக் குடுத்துக் கூட்டி வா. இதுக்கெல்லாமா வாப்பா கலியாண வீட்டுல போன் எடுக்கிய?”

சொந்தத் தோட்டத்துக்குப் பயணிகளைக் கூட்டிப் போவதில்லை என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்று அதை விட்டேன்.

எங்கள் லயத்துக்குப் போகும் பாதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதை கீழே இறங்கும். ஒரு வளைவு வரும். வளைவைத் தாண்டினால் பீலி: மலையிலிருந்து வரும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக விழும் இடம். பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான், திறந்த வெளியில். லயத்துக்குப் போக வேறு பாதை கிடையாது. ஆகவே வளைவில் ஒரு சவுக்கு மரத்தில் பழைய கூரைத் தகரம் ஒன்று கம்பியில் தொங்கும், பக்கத்தில் ஒரு கட்டை. கீழே போகும் எந்த ஆணும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். கீழேயிருந்து ஒரு பெண்குரல் “வாங்க” என்றால் போகலாம். “நில்லுங்க” என்றால் நிற்க வேண்டும். பெரிய கங்காணியாக இருந்தாலும் சரி, தபால்காரராக இருந்தாலும் சரி. நான் பரீட்சை பாஸானதைச் சொல்ல ஓடி வந்தபோதும் தட்டிவிட்டு நின்றேன்.

அந்தத் தகரத்துக்கு இன்னொரு பேச்சும் உண்டு. விடாமல் தட்டினால் குளவி கலைந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் பக்கம் குளவி கொட்டி ஆள் போன வீடுகள் இருக்கின்றன. விடாமல் தகரம் கேட்டால் குளிக்கிறவள் குளிக்கிற கோலத்தில், துவைக்கிறவள் துவைக்கிற கோலத்தில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குளவிக்கூடு இருப்பது பள்ளத்து மரங்களில், ஆகவே ஓடுவது மேல்நோக்கி, ரோட்டுக்கு.

வேனை ரோட்டோரம் நிறுத்தியதும் ஆதி பாதையைக் கண்டுவிட்டான். கீழே தண்ணீர் விழும் சத்தம் வேறு கேட்டது. “வாட்டர்ஃபோல்!” என்றான். தவமணி அக்கா என் ஜன்னலருகே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி, உந்தப் பீலியடியில பொம்பிளையள் எந்த நேரம் நிப்பினம்?”

யோசித்துப் பாருங்கள். ரெண்டு நாளாக லயத்தைப் பற்றியும் குளிக்கிற இடத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டு வந்த ஒருவர், கடைசியில் வந்து கேட்கிற கேள்வி இது. நானா சொன்னது காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் பீலியில் கூட்டம் அதிகம், மலைக்கு வேலைக்குப் போகாத ஒரே நாள் அது. அது எனக்குத் தெரியும்.

“ஞாயித்துக்கெழம ஒருத்தரும் இருக்க மாட்டாங்கக்கா. எல்லாம் டவுனுக்குப் போயிருவாங்க” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “அப்ப பரவாயில்லை” என்றார். அந்தத் தெளிவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

என் கணக்கு வேறு. நான் முதலில் இறங்கிப் போய் ஒரு தட்டுத் தட்டி, பெண்கள் ஒதுங்கியதும் இவர்களை மலைப்பக்கம் திருப்பிக் கூட்டிப் போய்விடலாம். “நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லுங்க” என்று சொன்னேன். அப்போது பார்த்துப் பேராதனைக்குப் போகிற பஸ் எதிரே வந்துவிட்டது. அது போக வேண்டுமானால் நான் வேனைப் பின்னால் எடுத்து, அகலமான இடம்வரை போக வேண்டும். எடுத்துக்கொண்டு போகும்போது கண்ணாடியில் பார்த்தேன், மூன்று பேர் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

தகரம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு விடாமல், தாளம் போட்டு.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? கை தானாகப் போய் வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டது. குளவி என்றுதான் உடம்பு நினைத்தது. கண்ணாடி முழுதும் ஏறிய பிறகுதான் யார் தட்டுகிறார்கள் என்று புத்திக்கு எட்டியது. வேனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பஸ்காரர் ஹோர்ன் அடித்தபடி சிங்களத்தில் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

நான் வளைவுக்கு வருவதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் என் தங்கை யோகா. நெஞ்சுக்கு மேலே கட்டிய ஈரத்துணி, தலையெல்லாம் சோப்பு நுரை, இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை. அவளுக்குப் பின்னால் எங்கள் லயத்துப் பாக்கியம் அக்கா, அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் உயிருக்குப் பயந்து ஓடி வந்த கோலம். எதிரே ஆதி, ஒரு கையில் கட்டை, ஒரு கையில் போன். கெட்ட எண்ணத்தில் சிரித்தான் என்று சொல்ல மாட்டேன். எதிர்பாராமல் நல்ல காட்சி கிடைத்தவனுடைய சிரிப்பு அது. அதனால் நல்லதாகிவிடாது.

“எவன்டா தட்டுனது? கொளவி எங்கடா?” என்று பாக்கியம் அக்கா கத்தினார். பிறகு போனைக் கண்டார். பாதை ஓராள் அகலம். பின்னால் வந்தவர்கள் முன்னால் தள்ளினார்கள், முன்னால் நின்றவர்களால் திரும்ப முடியவில்லை.

என்னைத் தள்ளிக்கொண்டு தவமணி அக்கா போனார். அவர் அதுவரை மேலே ரோட்டிலேயே நின்றிருக்கிறார். போகிற போக்கிலேயே துப்பட்டாவை உருவி யோகாவின் தோளைச் சுற்றிப் போட்டார். திரும்பி, போனுக்கு நேரே, கையிரண்டையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“நிப்பாட்டு.”

“மாமி, ஒதுங்குங்கோ. நல்ல சீன்!”

“நிப்பாட்டு எண்டு சொல்லுறன்.”

“அக்கா, என்ன இது ஆக்களுக்கு முன்னால?” என்றார் ரவி அண்ணை. “சின்னப் பெடியன். அவனுக்கென்ன தெரியும்?”

சுகந்தி கைப்பையிலிருந்து டொபி எடுத்துக் குழந்தையிடம் நீட்டினார். “டொபி குடுக்குறாங்களாம், டொபி!” என்றார் பாக்கியம் அக்கா. “தகரத்தத் தட்டிக் கூப்புட்டு டொபி குடுக்குறாங்க!”

யோகா என்னைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை.

“நீயா அண்ணே இவங்களக் கூட்டிட்டு வந்த?”

வேனில் ஏறியதும் ஆதியிடம் கெஞ்சிக் கேட்டேன், அதை அழித்துவிடுங்கள் என்று. “அழிச்சிட்டன்” என்றான், தலை தூக்காமலே. கொஞ்ச தூரம் போனதும் தாயிடம் சொல்வது கேட்டது: “மம்மி, சிக்னல் வரேக்க சொல்லுங்கோ. இது போட்டா எத்தினை பேர் பாப்பினம் தெரியுமோ!”

அந்தப் பள்ளத்தில் போன் வேலை செய்யாது. டவுனுக்கு முன்னால் ஒரு பிள்ளையார் கோயில் திருப்பம் இருக்கிறது, அங்கேதான் சிக்னல் வரும். திருப்பத்துக்கு இருந்ததெல்லாம் கொஞ்ச தூரம். அங்கே போய்விட்டால் என் தங்கையும் பாக்கியம் அக்காவும் ஈரத்துணியோடு யார் யாருடைய கையிலோ ஓடிக்கொண்டிருப்பார்கள், எப்போதைக்கும். இரண்டாம் கியரில் ஓட்டினேன். கண்ணாடியில் தவமணி அக்கா தெரிந்தார், துப்பட்டா இல்லாமல், கைகளை நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டு. அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றத் துப்பட்டாவைக் கொடுத்திருப்பாரோ? ஒருத்தர் படம் எடுக்க, ஒருத்தர் கண்துடைக்க, இதுதான் இவர்கள் வழக்கமோ?

என்னை நிறுத்த வைத்தது அட்டை. பீலிப் பாதையில் இறங்கியவனைச் சும்மா விடுமா? ஆதி காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு அலறினான். சப்பாத்துக்குள் நாலு. திருப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. நிறுத்தினேன். போனைத் தூக்கி மாமியின் கையில் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டு ஓடினான். தாயும் தகப்பனும் பின்னால் ஓடினார்கள். கடைக்காரர் உப்பு டப்பாவை எடுத்து வந்து, “ஒண்ணும் செய்யாது தொர, நம்ம ஊரு அட்ட ரொம்ப மரியாதையான அட்ட. நெறஞ்சதும் அதுவே போயிரும்” என்று தேற்றிக்கொண்டிருந்தார்.

தவமணி அக்கா என் ஜன்னலுக்கு வந்தார்.

“தம்பி, இது பூட்டிக் கிடக்கு. எனக்குத் திறக்கத் தெரியாது. சிக்னல் எங்க வரும்?”

“அந்தத் திருப்பத்துல.”

பின்பக்கம் போனார். பக்கக் கண்ணாடியில் அவர் குனிவது தெரிந்தது. திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

“பின் சில்லுக்கு அடியில வைச்சிருக்கிறன். கொஞ்சம் பின்னால எடுங்கோ.”

பணிவானவர்கள் காரியத்தை உன் கையால் செய்விப்பார்கள் என்று நானா சொல்லாவிட்டாலும் எனக்கே அப்போது தோன்றியது. நாளைக்கு, டிரைவர்தான் ஏற்றினான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் லைசன்ஸ் போய்விடும்.

“நீங்க ஏங்க இதச் செய்யணும்? உங்க தம்பி மகன்தானே?”

அவர் கடைப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சண்டை முடிஞ்ச பிறகு எங்கட ஊருக்குப் பஸ் பஸ்ஸா ஆக்கள் பாக்க வந்தவை. அப்ப வேலியும் இல்லை, மதிலும் இல்லை. நான் கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டனான். உடைஞ்ச வீட்டைப் படம் எடுக்க வந்தவை என்னையும் சேத்து எடுத்துக்கொண்டு போட்டினம். அந்தப் படம் எங்கயோ கிடக்கு தம்பி. எங்க எண்டு தெரியாது. அதுக்குத்தான் உங்களிட்டக் கேட்டனான், பொம்பிளையள் எந்த நேரம் நிப்பினம் எண்டு. இருந்தா இவையைப் போக விடக்கூடாது எண்டு. நீங்கள் ஒருத்தரும் இல்லை எண்டீங்கள். அதாலதான் நான் மறிக்கேல்லை.”

கியரின்மேல் கை இருந்தது. இந்த இடத்தில்தான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதை உண்மையா என்று விசாரிக்க எனக்கு வழியில்லை. நேரமும் இல்லை. அழகாகப் பொய் சொல்லும் பயணிகளை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட வேளையில் இவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டுக்கொண்டிருந்தால் திருப்பம் வந்துவிடும். நான் வேறு கேள்வி கேட்டேன். இவரை நம்பி, அது பொய்யாக இருந்தால் யாருக்கு அடி? எனக்கு. நம்பாமல் விட்டு, அது உண்மையாக இருந்தால் யாருக்கு அடி? யோகாவுக்கு. அவ்வளவுதான். சந்தேகத்தை வைத்துக்கொண்டே ரிவர்ஸ் போட்டேன்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. அப்பளம் நொறுங்கியதுபோல ஒன்று. முன்னால் எடுத்தேன், மறுபடியும் பின்னால் எடுத்தேன்.

“பள்ளத்தில எறிஞ்சிருக்கலாமேக்கா?” என்று கேட்டேன்.

“எறிஞ்சா ஆராவது எடுப்பினம்” என்றார்.

அவர்கள் தங்கியிருந்தது அம்பிட்டியவில் ஒரு விடுதியில். ரவி அண்ணை போட்ட சத்தத்தில் நானா கலியாண வீட்டிலிருந்து நேரே வந்துவிட்டார், அத்தர் வாசனையோடு. முன்வராந்தாவில் எல்லோரும் இருந்தார்கள். தவமணி அக்கா ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்: ஏறும்போது கைதவறி விழுந்தது, டிரைவர் தம்பிக்குத் தெரியாது, பிழை தன்னுடையது, காசும் தானே தருவதாக.

நானா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை. என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“சொல்லு வாப்பா.”

சொன்னேன், தகரம் முதல் டயர் வரைக்கும். நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. நானா தாடியைத் தடவினார்.

“பணிவானவங்களப் பாத்துக்கோன்னு நான் சொன்னது பிழை இல்ல” என்றார். “நீ பாத்துக்கிட்ட விதந்தான் பிழை. ஒரு பொம்புள அந்தக் கேள்விய ஏன் கேக்கிறான்னு, அவகிட்டயே கேட்டிக்கலாம்.”

அது அவர் சொல்லியே வந்த விதிக்கு அவரே வைத்த திருத்தம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

உள்ளே போய் உண்மையைச் சொன்னேன், போன் விழவில்லை, தெரிந்துதான் ஏற்றினேன் என்று. தவமணி அக்கா கண்ணால் வேண்டாம் என்று காட்டியும் சொன்னேன். ரவி அண்ணை குதித்தார்.

“பொலிசுக்குப் போறன்! உம்மட லைசன்சைக் கிழிக்காமல் விட மாட்டன்!”

“போவோம் சேர், நானே கூட்டிப் போறேன்” என்றார் நானா, ரொம்பவும் பணிவாக. “அந்தப் போன்ல என்ன இருந்திச்சுன்னும் அங்க கேப்பாங்க. உங்க மகன முன்னால உக்கார வைப்போமா?”

சுகந்தி மகன் பக்கம் திரும்பி, “அழிச்சிட்டன் எண்டு சொன்னனீ என்ன?” என்றார். ஆதி காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். அதற்குமேல் பொலிஸ் பேச்சு வரவில்லை. போனின் விலை மட்டும் வேண்டும் என்றார் ரவி அண்ணை. அதை நாங்கள் மறுக்கவில்லை. உடைத்தது உடைத்ததுதான்.

தவமணி அக்கா கையிலிருந்த இரண்டு காப்பைக் கழற்ற ஆரம்பித்தார். “முழுசையும் நானே தாறன்.” நானா தடுத்தார். “வச்சவங்க ஒருத்தர், ஏத்துனவன் ஒருத்தன், வண்டி என்ட. மூணாப் பிரிங்க தங்கச்சி. ஒரு பங்குக்கு மேல ஒரு சதம் கூட வாங்க மாட்டேன்.” அவர் பங்குக்கு ஒரு காப்புப் போயிற்று.

மறுநாள் அவர்கள் வேறு வேன் பிடித்தார்கள். தவமணி அக்கா அதில் ஏறவில்லை. யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஏறுவதற்கு முன்னால், “தம்பி, சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டார். “இல்லக்கா” என்றேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம்.

எனக்குச் சந்தேகம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். பள்ளத்தில் ஏதாவது ஒரு மேட்டில் ஒரு கோடு சிக்னல் கிடைத்திருக்குமோ, அந்த வீடியோ எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்குமோ என்று இப்போதும் ஆதியின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். இதுவரை இல்லை. நாளைக்கும் பார்ப்பேன். சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் செருப்பைத் தானாகக் கழற்றுகிறவர் ஏன் கழற்றுகிறார் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தக் கேள்வியை அவரிடமே கேளுங்கள். நான் போனில் கேட்டேன், வேறொருவரிடம்.

எங்கள் வளைவில் தகரம் இன்னும் தொங்குகிறது. கட்டையை மட்டும் பாக்கியம் அக்கா எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டார், ஆண்கள் கல்லெடுத்துத் தட்டுகிறார்கள். நானும் அப்படித்தான். முதல் ரெண்டு மாதம் நான் தட்டினால் கீழேயிருந்து பதில் வராது. பிறகு ஒருநாள் யோகாவின் குரலில் “வாங்க” வந்தது. துப்பட்டாவைத் துவைத்து மடித்துத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டோம். “அங்கயே கிடக்கட்டும்” என்று தவமணி அக்கா சொல்லிவிட்டார்.

என் பங்கை நானா சம்பளத்தில் மாதாமாதம் கழித்தார். போன மாதத்தோடு முடிந்தது. ஆக, அந்த ஒரு வளைவு எங்கள் மூன்று பேருக்கும் வைத்த செலவு: மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாய், ஒரு துப்பட்டா.